ஜெப நேரத்தில் வந்த அழைப்பு

காக்ஸ் டவுன். 2004 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. மாலை 7.45.

ஜெபமாலை முடிந்ததும் ஸ்டெல்லா டி.வி. மேலிருந்த தன் செல்போனை எடுத்தாள். மூன்று மிஸ்டு கால். கடைசி கால் பத்து நிமிஷத்துக்கு முன்னால்.

அவள் போட்ட சத்தத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் வனஜா இறங்கி வந்தாள்.

"என் அந்தோணிதான், அக்கா. மும்பை ஏர்போர்ட்ல காயின் போன்லேர்ந்து பண்ணியிருக்கான். ஒன்பது மணிக்கு மஸ்கட் ஃப்ளைட். நீ எடுக்கலேன்னா என்னை வேணாம்னு எடுத்துக்குவேன், அப்புறம் தொந்தரவு பண்ணமாட்டேன்னு சொல்லியிருந்தான்."

"அவன் செல்லுக்குப் போடு."

"நேத்தே வித்துட்டான். அந்த பூத் நம்பருக்குப் போட்டேன். யாரோ எடுத்து, ஆள் போயாச்சுன்னுட்டாங்க."

வனஜா தன் போனிலிருந்து ஸ்டெல்லாவின் நம்பரை அழுத்தினாள். மணி வீடு அதிர ஒலித்தது. சைலண்டில் இல்லை. ஸ்விட்ச் ஆஃபாகவும் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் மிஸ்டு காலே பதிந்திராது.

"ஜெப நேரத்துல எல்லா போனையும் சைலண்ட்ல போடுவீங்கதானே?"

"இன்னிக்கு என்னோடது மட்டும் அடிக்கட்டும்னு டாடி ஒத்துக்கிட்டார். சவுண்ட் ஃபுல்லா வெச்சுட்டு, மெழுகுவத்தி எடுக்கக் கிச்சனுக்குப் போனேன். அவ்ளோதான்."

"ஜெபம் முடிஞ்சதும் வேற யாராவது இதைத் தொட்டாங்களா?"

"நான்தான் முதல்ல பாய்ஞ்சேன்."

அங்கேதான் முடிச்சு. யாரோ மணியை அடக்கியிருக்கிறார்கள். அடக்கியவர் திரும்பி வந்து திறந்துவிடவில்லை. ஆனாலும் மணி இப்போது அடிக்கிறது.

அண்ணி விஜி முந்திக்கொண்டாள். "சும்னே காரணமில்லாம என்னைப் பாக்காதீங்க மேடம். என் போனையே எனக்குச் சமாளிக்கத் தெரியல. போன வாரம் ஜெபத்துல சினிமா பாட்டு அடிச்சு மாமாகிட்ட திட்டு வாங்கினேன்."

"எங்கே, காட்டுங்க."

விஜியின் போன் இன்னும் சைலண்டிலேயே கிடந்தது. புருஷனிடமிருந்து நாலு மிஸ்டு கால்.

"ஐயோ, சைலண்ட்டை எடுக்க மறந்துட்டேன்! வந்து கத்தப்போறாரு."

அப்பா மதலைமுத்து நாற்காலியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். "நெட்வொர்க் பேஜாரும்மா. இதுக்கெல்லாம் போலீசா?"

அப்போது எதிர்ச்சுவர் ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையிலிருந்து மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

வனஜா மெல்லக் கேட்டாள். "அங்கிள், ஜெபத்துக்கு முன்னாடி உங்க போனையும் சைலண்ட்ல போட்டீங்களா?"

"பின்னே? நானே தப்பு பண்ணலாமா?"

"முடிஞ்சதும் சைலண்ட்டை எடுத்தீங்களா?"

"நான் எங்கே எழுந்தேன்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை மணிகளும் நின்றன.

"விஜி சைலண்ட்ல போட்டா மறந்துடுவாங்க. எல்லாரும் அப்படித்தான். நீங்க மறக்குறதில்லை, ஏன்னா எத்தனை மணி வரைக்கும்னு டைம் வெச்சுடுவீங்க. பூசைக்குப் போனாலும் அப்படித்தானே? நேரம் முடிஞ்சா போன் தானாவே பழையபடி அடிக்கும். ஸ்டெல்லா கிச்சன்ல இருந்தப்போ அவ போனுக்கும் அதையே செஞ்சீங்க. ஜெபம் எப்போ முடியும்னு அதை நடத்துற உங்களுக்குத்தான் தெரியும்."

கூடத்தில் மெழுகுவத்தி வாசனை இன்னும் இருந்தது. மதலைமுத்து மகளைப் பார்க்காமல் பேசினார்.

"உங்கம்மாவும் இல்ல. அவன் குரலைக் கேட்டா நீயும் கிளம்பிடுவே. ஒரு நாள் கேக்காம இருந்தா போதும்னு நெனச்சேன்."

ஸ்டெல்லா கத்துவாள் என்று வனஜா எதிர்பார்த்தாள். அவளோ அப்பாவின் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள்.

"டாடியை விட்டுட்டு இப்போ வரமுடியாது, ரெண்டு வருஷம் போயிட்டு வா, காத்திருக்கேன்னு சொல்ல இருந்தேன் டாடி. அதை மட்டும்தான்."

மதலைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கூப்பிட ஒரு நம்பர்தான் இல்லை.