வனிதா இருந்த வரி

சமையலறையில் காப்பி ஆற்றும் சத்தம் பாதியில் நின்றது.

ஆற்றி முடித்தால் டம்ளரைக் கீழே வைக்கும் 'ணங்' கேட்க வேண்டும். கேட்கவில்லை. மேலிருந்து ஊற்றியது கீழே வந்து சேராமலே போனதுபோல் அறுந்துவிட்டது. சசிரேகா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். மணி நாலுதான், அதற்குள் கரடியூர் முழுக்கப் பனி மூடி, ஜன்னல் கம்பியைத் தாண்டி ஈரமண் வாசனையோடு அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வனி?"

கொல்லைக்குப் போயிருப்பாள்.

தங்கை வனிதா புருஷனிடம் அடிபட்டு, காதோரம் தையலோடு மலையேறி வந்து பதினோரு நாள் ஆகிறது. அந்தப் புண்ணியவான் சேலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். சசிரேகாவின் கம்பெனி வீட்டுப் பூட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. சோதனைக்குத் தன் வீட்டையே கொடுத்திருந்தாள். கோப்பில் வீடு வரிவரியாக இருக்கும்: ஓர் அறை, அதற்குக் கீழே அங்கே யார், பிறகு சுவர், அடுத்த அறை. வனிதா வந்த அன்றே, பழக்கதோஷம், சமையலறைக்குக் கீழே அவள் பெயரைச் சேர்த்து ஒரு பேட்ச் எழுதிவிட்டாள். கூட்டல் குறி போட்ட வரி கோப்பில் சேரும், கழித்தல் குறி போட்டது போகும், அவ்வளவுதான் பேட்ச். தன் ஆபீஸிலேயே வனிதா புருஷனின் கூட்டாளி ஒருத்தன் இருப்பது நேற்றுத்தான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு, பெயரை எடுக்கும் இரண்டாவது பேட்ச் எழுதினாள்.

ஆபீஸுக்கு இரண்டையும் தனித்தனியாக அனுப்பினால் பெயர் வந்ததும் தெரியும், போனதும் தெரியும். கறுப்புத் திரையில் கம்பைன்டிஃப் என்ற கட்டளையைத் தட்டி இரண்டையும் ஒன்றாக்கினாள். முதலாவது சேர்த்ததை இரண்டாவது எடுத்துவிடும். ஒன்றானதில் அந்தப் பெயர் இருந்த சுவடே இருக்காது. பழைய இரண்டையும் கையோடு அழித்தாள்.

அப்போதுதான் சத்தம் நின்றது.

அடுப்பு ஜில்லென்று இருந்தது. பால் பாக்கெட் பிரிக்கவே இல்லை. வாசலில் ஒரே ஜோடி செருப்பு. வெளியே எஸ்டேட் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மணி தெரிந்தாள்.

"அக்கா, எந்தங்கச்சியப் பாத்தீங்களா?"

"எந்தத் தங்கச்சிங்க? நீங்க ஒண்டியாத்தானுங்களே குடியிருக்கறீங்க?"

"நேத்து உங்க ஊட்டு வாசல்ல உக்காந்து மொளகு ஆஞ்சாளே!"

"நாந்தேன் ஆஞ்சேனுங்க. ஒடம்புக்கு நொம்ப முடியலீங்களா கண்ணு?"

உள்ளே ஓடினாள். தையல் எந்தக் காதில்? இடதா? வலதா? ஐயோ, காலையில் அதற்கு மருந்து போட்டுவிட்டவளே சசிரேகாதான். மறந்துகொண்டிருந்தது. முழுக்க மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். முதல் பேட்ச்சை ஞாபகத்திலிருந்து எழுதி, ஏற்றினாள்.

சொன்ன இடத்தில் பொருந்தவில்லை, ஒரு வரி தள்ளிச் சேர்த்தாயிற்று என்றது திரை. தினம் வருகிற செய்திதான். அதை யார் படிக்கிறார்கள்?

"அக்கா."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "வந்துட்டயா சாமி!" சமையலறைக்கு ஓடினாள்.

யாரும் இல்லை.

"அக்கா, திரும்ப முடியல."

பக்கத்தில்தான். மிகப் பக்கத்தில். அடுப்புக்குப் பின்னால்.

மெல்லத் திரும்பி வந்து கோப்பைத் திறந்தாள். சமையலறை. சுவர். அதற்குக் கீழே வனிதா.

"இருட்டா இருக்குது. கையத் தூக்க முடியல. மூச்சு முட்டுதுக்கா."

ஒரு வரி மேலே நகர்த்தினால் போதும். ஆனால் நகர்த்துவது என்றால் முதலில் எடுக்க வேண்டும், பிறகு சேர்க்க வேண்டும். எடுத்த நொடியில் அவளை மறந்துவிட்டால்? திரும்பச் சேர்க்க யாருக்கு ஞாபகம் இருக்கும்?

விரல் பொத்தான்மேல் நின்றது. அழுத்தவில்லை.

"எடுத்துராதக்கா. மறுக்கா என்னைய எடுத்துராத."

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் கை வைத்தாள். வெதுவெதுப்பு. முகத்துக்கு நேரே, ஒரு வாய் அகலத்துக்கு, சுண்ணாம்பு உப்பியது. தணிந்தது. உப்பியது.

தணிந்தது.

அடுத்த மூச்சு வர நேரமாகிக்கொண்டிருந்தது.