குறையாத பீப்பாய்

வெர்னா மீபஸ் தொப்பிகூட இல்லாமல் வெயிலில் நடந்து வந்தபோது, எல்வின் டோக்கே தன் தேனீக்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லுதுங்களா, சார்ஜென்ட்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் காலீன். பக்கத்து ரொட்டிக் கடை அவளுடையது. கடையில் கூட்டம் குறைந்தால் வேலியோரம் வந்துவிடுவாள்.

"சொல்லுது. உன்னைவிடக் கம்மியா."

போலீஸ் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் ஆஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கில் அவர் இன்னும் சார்ஜென்ட்தான். மனைவி இறந்த அன்று அவர் முதலில் போய்ச் சொன்னது இந்தத் தேனீப் பெட்டிகளிடம். வீட்டில் சாவு விழுந்தால் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஜெர்மன் பாட்டன்மார் கப்பலில் கொண்டுவந்த வழக்கம். காலீன் அவரை எதற்கெல்லாமோ கிண்டல் செய்வாள். அதற்கு மட்டும் செய்ததில்லை.

வெர்னா படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

"சனிக்கிழமை லோயிஸுக்குக் கல்யாணம்," என்றாள்.

"தெரியும். கேக்கே என்னோடதுதானே!" என்றாள் காலீன்.

"அவ அப்பா ஹூகோ அவளுக்குன்னே ஒரு பீப்பாய் ஷிராஸ் வெச்சிட்டுப் போனாரு. அவரு செஞ்ச கடைசி ஒயின். அவரை அடக்கம் பண்ண அன்னைக்குப் பூட்டினதோட சரி, நான் அந்த ஒயின் கொட்டகைப் பக்கமே போகல. ஒரு வருஷம் ஆச்சு. முடியல எனக்கு. நேத்துதான் பூட்டைத் திறந்தேன்." அவள் குரல் இறங்கியது. "எவனோ உள்ள வந்திருக்கான், எல்வின். பீப்பாய் இருந்த இடத்துல இல்ல. ஒரு சாண் நகர்ந்திருக்கு. மூடிக்கட்டையைச் சுத்தி புதுசா ஒயின் கறை."

"பூட்டு?"

"வெச்சது வெச்சபடி. சாவி என் கழுத்துலதான்."

காலீனின் கண்கள் பளபளத்தன. "லைல் பேக்ஸ்டர்! வேற யாரு? பெரிய ஒயின் ஆலை வெச்சுக்கிட்டு, தோட்டத்தைக் குடு, தோட்டத்தைக் குடுன்னு இவ உசிரை எடுக்கிறவன்."

"லைல்கிட்டயும் சொன்னேன். 'எதைக் கலந்தானோ, குடிச்சா ஆபத்து, என்கிட்ட தள்ளிடு, என் பெரிய தொட்டியில ஊத்திக்கிறேன்'னாரு." வெர்னா முதல் தடவையாக எல்வினை நேராகப் பார்த்தாள். "இது ஹூகோவோட ஒயின்தானான்னு எனக்குத் தெரியணும். தெரியாம அவ கையில எப்படிக் குடுப்பேன்? இல்லன்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே ஓடையில கொட்டிடறேன்."

எல்வின் தேனீ வலையைக் கழற்றினார். "கொட்டறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பார்ப்போம்."

*

கொட்டகைக்குள் ஈர மரமும் பழைய புளிப்பும் கலந்த மணம். மூலையில் ஹூகோவின் திராட்சை பிழியும் கூடை; அதன் பலகைகளுக்கு இடையே காய்ந்த தோல்கள் இன்னும் ஒட்டியிருந்தன. ஓக் பீப்பாய் ஒன்றே ஒன்றுதான், இரண்டு மரச் சட்டங்களின் மேல் படுத்திருந்தது. பழைய இடத்தின் தூசித் தடம் அதன் பக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்தது.

எல்வின் மரச்சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டி மூடிக்கட்டையை எடுத்தார். காலீன் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அட, விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கு! ஒரு சொட்டு திருடு போகல. வெர்னா, உனக்குத்தான் மனசு கலங்கியிருக்கு. வா, டீ போடலாம்."

எல்வின் அந்த நிறைந்த துளையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்கதவுக்குப் போனார். திராட்சைக் கூடைகள் உள்ளே வரும் அகலக் கதவு அது. உள்பக்கம் குறுக்குக் கட்டை போட்டிருந்தது. கதவுப் பலகைகளின் இடுக்கில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்த இடம் அவர் இடுப்பளவு உயரத்தில்கூட இல்லை.

"சின்னப் பசங்களா இருந்தப்ப ஹூகோவும் ஆர்னோவும் பண்ணது," என்றாள் வெர்னா. "தகரத் துண்டை விட்டுக் கட்டையைத் தூக்குவாங்களாம். அப்பாவோட ஒயினைத் திருடிக் குடிச்சிட்டு சர்ச்சுல தூங்கி விழுவாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. தம்பி இல்லாம ஆனப்புறம் சொல்றதில்ல."

"இல்லாம ஆனப்புறமா?" என்றாள் காலீன். "ஆர்னோ நேத்து என் கடையில ரொட்டி வாங்கினானே!"

"ஹூகோவுக்கு இல்லாம ஆனாரு."

அந்தக் கதை ஊருக்கே தெரியும். ஷிராஸ் திராட்சை யாருக்கும் வேண்டாம், கொடியைப் பிடுங்கினால் பணம் என்று அரசாங்கம் சொன்ன வருஷம். அப்பா இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்த தோட்டத்தில் மேட்டுப் பக்கம் ஹூகோவுக்கு, ஓடைப் பக்கம் ஆர்னோவுக்கு. ஆர்னோ கையெழுத்துப் போட்டு டிராக்டரை இறக்கினார். அப்பா நட்ட கொடியைப் பிடுங்கின கையை இனி தொடமாட்டேன் என்றார் ஹூகோ. அதற்குப் பிறகு ஓடைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

எல்வின் கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி மூன்று கோப்பைகளில் விட்டார். ஏறக்குறையக் கருப்பு, விளிம்பில் மட்டும் ஊதா. வாயில் வைத்ததும் நாவல்பழம், பின்னாலேயே மிளகு. நாக்கை ஒரு கம்பளி போலப் போர்த்தும் கனம். வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவருதான்," என்றாள். உடனே நெற்றி சுருங்கியது. "இல்ல... கடைசியில என்னமோ..."

"விழுங்கினப்புறம் வருதே, குளிர்ச்சியா?"

"தைலம். தைல இலை வாசனை." அவள் கோப்பையை இறக்கினாள். "ஹூகோ ஒயின்ல இது கிடையாது. எங்க கல்யாணத்துல மாமனார் ஊத்தினாரே, அதுல இருந்துச்சு."

"நாளைக்கு மத்தியானம் லோயிஸைக் கூட்டிட்டு இங்க வா. லைலையும் ஆர்னோவையும் நான் வரச் சொல்றேன்."

"ஆர்னோவா? என் கொட்டகையிலயா?"

"ஒரு கோப்பை குடிக்கிற நேரம்தான், வெர்னா."

வெளியே வந்ததும் காலீன் அவர் கையைப் பிடித்தாள். "சார்ஜென்ட், போன வாரம் லைல் காரை இந்தக் கொட்டகைக்குப் பக்கத்துல நானே பார்த்தேன். பூட்ஸெல்லாம் சேறு. போய்க் கேக்கட்டுமா?"

"கேளு. நான் ஓடைப் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்."

*

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். லைல் சலவைச் சட்டையில். லோயிஸ் தலையில் முடியைச் சுருட்டும் கம்பிகளோடு, அம்மாவை ஒட்டியபடி. ஆர்னோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியேயே நின்றார்.

"நான் கொடியைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றார் லைல், யாரும் கேட்பதற்கு முன்பே. "இந்தம்மா நேத்து என் கழுத்தைப் பிடிக்காத குறை."

"பிடிச்சிருக்கணும்," என்றாள் காலீன்.

"அவரை விடு, காலீன். அவரு உள்ள வரல," என்றார் எல்வின். "நீ இங்க நின்னு என்ன சொன்னே? நிறைஞ்சிருக்கு, ஒண்ணும் திருடு போகலன்னே. அதுதான் தப்பு. மரத்துக்குள்ள இருக்கிற ஒயின் சும்மா இருக்காது, காத்துல கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கும். ஒரு வருஷம் யாரும் தொடலன்னா ஒரு வாளிக்காவது குறைஞ்சிருக்கணும். குறைஞ்ச இடத்துல காத்து நிக்கும். காத்து நின்னா ஒயின் புளிச்சுக் காடியாயிடும். லைல், சரிதானே?"

லைல் மனமில்லாமல் தலையாட்டினார். "ரொப்பிக்கிட்டே இருக்கணும்."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு அது தெரியாது. அதெல்லாம் அவரு பார்த்துக்குவாரு. நான் கடற்கரை ஊர்க்காரி... பூட்டி வெச்சா பத்திரம்னு நினைச்சேன்."

"இந்த ஒயினைக் கெடுக்க நினைக்கிறவனுக்கு வேலையே இல்ல. வீட்டுல உக்காந்திருந்தா போதும், உன் பூட்டே கெடுத்திருக்கும். அப்ப உள்ள வந்தவன் காப்பாத்த வந்தவன். சரி, எதை ஊத்தினான்? வேற ஒயினா இருந்தா ருசி உடைஞ்சிருக்கும். உடையல. தைல வாசனை மட்டும் சேர்ந்திருக்கு. தைல மரத்து நிழல்ல வளர்ற கொடிக்குத்தான் அது வரும். மேட்டுல மரம் ஏது? ஓடைக்கரையிலதான் இருக்கு."

"ஓடைக்கரைக் கொடியைத்தான் பிடுங்கியாச்சே!" என்றாள் காலீன்.

"ஊரே அப்படித்தான் சொல்லுது. ஆனா இந்த ஒயின் அப்படி இல்லைன்னு சொல்லுது. நான் நேத்து போய்ப் பார்த்தேன். மரங்களுக்குப் பின்னால, கடைசி வரிசைங்க அப்படியே நிக்குது. அப்பா நட்டது. இடுப்புத் தண்டி."

எல்வின் பீப்பாயின் மேல் கையை வைத்தார்.

"நகர்ந்திருக்குன்னு சொன்னியே வெர்னா, ரொப்பறதுக்கு நகர்த்த வேண்டியதில்ல. நான் தேனீக்கிட்ட சொன்னேனே, அதே வழக்கம்தான். வீட்டுத் தலைவன் போயிட்டா ரத்த சொந்தம் ஒருத்தர் பீப்பாயை அசைச்சுச் சேதி சொல்லணும். இல்லன்னா ஒயினும் கூடவே செத்துப்போகும்னு எங்க ஆளுங்க நம்பிக்கை. உனக்கு அது தெரியாது. லோயிஸ் அப்ப நகரத்துல படிச்சிட்டிருந்தா. மிச்சம் ஒரே ஒரு ஆளு. தகரத் துண்டால அந்தக் கட்டையைத் தூக்கத் தெரிஞ்ச ஆளு."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஆர்னோ தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "டிராக்டர் கடைசி வரிசைக்கு வந்ததும் நிறுத்திட்டேன். முடியல. அந்த வரிசைங்களுக்குப் பணமும் வாங்கல."

"இதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே!" வெர்னாவின் குரல் கிழிந்தது. "அதை நினைச்சு நினைச்சே செத்தாரு!"

"ஒரு தடவை கேப்பான்னு இருந்தேன். மேட்டுலேர்ந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். நானும் ஹூகோவுக்குத் தம்பிதானே, அதே மண்டை." அவர் பீப்பாயைப் பார்த்தார். "அடக்கத்தன்னைக்கு நீங்கல்லாம் கல்லறையில இருந்தப்ப வந்தேன். அசைச்சு, 'ஹூகோ போயிட்டான்'னு சொன்னேன். எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. அப்புறம் நீ பூட்டிட்டே. குறையுமேன்னு மாசா மாசம் அந்தக் கொடியோட ஒயினைக் கொண்டுவந்து ரொப்பினேன்."

"கதவைத் தட்டியிருக்கலாம்."

"தட்டியிருந்தா திறந்திருப்பியா?"

வெர்னா யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

லோயிஸ்தான் முதலில் நகர்ந்தாள். குழாயை எடுத்து உறிஞ்சி, கோப்பைகளை நிரப்பி, ஒன்றை வாசலுக்குக் கொண்டுபோனாள். "சித்தப்பா, இது அப்பாவோடதா, உங்களோடதா?"

ஆர்னோ ஒரு வாய் குடித்தார். வெகுநேரம் விழுங்கவில்லை. விழுங்கியபின் சொன்னார்: "எங்க அப்பாவோடது."

லைல் தன் கோப்பையைக் காலி செய்துவிட்டு, "இதைத் தொட்டியில ஊத்தினா பாவம்," என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார். காலீன் அவருக்கு இன்னொரு கோப்பை நீட்டினாள். அது மன்னிப்புக் கேட்கும் அவள் முறை.

வெர்னா பீப்பாய்த் துளைக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தைய நாள் போலில்லை, ஒயின் விளிம்பை விட்டு இறங்கியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எல்லாருமா குடிச்சுக் குறைச்சிட்டீங்க. ஆர்னோ, இப்படியே விட்டா காடியாயிடும். போய் உன் ஒயினை எடுத்துட்டு வா."

அவர் பழக்கத்தில் பின்கதவுப் பக்கம் திரும்பினார்.

"அங்க எங்க போறே?" என்றாள் வெர்னா. "முன்கதவு திறந்துதான் இருக்கு."