பகேரியாக் காணியின் வேலி

வடக்கு மூலை வேலிக் கதியால் ஒரு சாண் உள்ளே நின்றது.

நாகபூசணி கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள். நடு எலுமிச்சையிலிருந்து வேலிக்கு நாற்பது காலடி என்று போன ஞாயிறு அவளே எண்ணி நட்டது. இன்று நாற்பதாவது காலடி வேலிக்கு வெளியே விழுந்தது.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், சின்யோரா என்று அவள் கூப்பிடும் எசமானியின் வீட்டைப் பன்னிரண்டு வருடம் துடைத்துக் கழுவிய பிறகு வாங்கிய காணி. பகேரியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி மேடேற வேண்டும். இன்றைக்கு வெறும் கல்லும் காய்ந்த எலுமிச்சையும்தான்; இருபது வருடத்தில் ஊர் இங்கே ஏறி வரும், மகள் கிருசாந்தினி வீடு கட்டலாம், விற்கலாம். யாழ்ப்பாணத்துக் காணியை இரண்டு வருடத்துக்கு முன், தொண்ணூற்றைந்தில், ஆமி பிடித்தது. இதில் ஒரு சாணும் விட அவளுக்கு மனமில்லை.

இத்தாலியர் கம்பி அடிப்பார்கள். அவள் ஊர் வழக்கப்படி, நட்டால் வேர் பிடிக்கும் பச்சைத் தடிகளால், கதியால்களால், உயிர்வேலி போட்டாள். ஊரில் அதற்குப் பூவரசு; இங்கே பூவரசுக்கு எங்கே போவது? பக்கத்துக் காணியில் ஆளில்லை. அங்கே நின்ற கிழட்டு அத்தியில் யாரையும் கேளாமல் ஐம்பது கதியால் வெட்டிக்கொண்டாள்.

"ஆரோ எல்லையை உள்ளுக்கை அரக்கிறான்," என்றாள்.

புருசன் பத்மநாதன், ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் கழுவுகிறவர், சண்டைக்கு ஆகாதவர். "பக்கத்திலை ஆரும் இல்லையெண்டு சின்யோரா சொன்னவ எல்லே?"

"அப்ப வேலி தன்ரை பாட்டிலை நடக்குதோ? மண்வெட்டியைத் தாங்கோ."

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வேலிச் சண்டையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடுங்கினாள், பழைய இடத்தில் நட்டாள், பக்கத்துக் காணியைப் பார்த்து அரை மணி நேரம் தமிழில் ஏசினாள். ஏசி முடித்தபோதுதான் கவனித்தாள், எதிர் மலையில் விடாமல் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் எப்போதோ வாயை மூடியிருந்தன.

அடுத்த ஞாயிறு வேலி நான்கு பக்கமும் பத்துக் காலடி உள்ளே வந்திருந்தது. மண்ணில் ஒரு செருப்படி இல்லை, தோண்டிய குழி இல்லை, ஒவ்வொரு கதியாலைச் சுற்றியும் வருடக்கணக்காக அங்கேயே நின்றதுபோலப் புல் முளைத்திருந்தது, அத்திப்பாலின் புளித்த வாசத்துக்கு அடியில் பூட்டிக் கிடந்த நிலவறையின் ஈர வாசம் வந்தது, காலுக்குக் கீழே எங்கேயோ யாரோ எலும்பு கடிப்பதுபோல நறநறவென்று ஒரு சத்தம் கேட்டு, அவள் அசையாமல் நின்றதும் அதுவும் நின்றது. அவளுக்குப் பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் கூட வந்தது.

"வித்துப் போடுவம், நாகம்," என்றார் பத்மநாதன்.

"ஊர்க் காணியை விட்டது காணும். இதை விட மாட்டன்."

விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக நான்கு ஞாயிறு போனது. அவள் நட்டாள். அது வந்தது.

ஐந்தாம் ஞாயிறு எலுமிச்சை மரமே வேலிக்கு வெளியே நின்றது. ஐம்பது கதியாலும் தோளோடு தோள் நெருங்கி நின்றன. உள்ளே மிஞ்சியது ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் நீளம். புரண்டு படுக்க அகலம் போதாது. பத்மநாதன் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"பேசாமல் வாரும். இஞ்சை நிக்க வேண்டாம்."

"வாறன். இதைப் பிடுங்கிப்போட்டு வாறன்."

நுழைய அவள் விட்டிருந்த ஒரே இடைவெளியால் பக்கவாட்டாக உள்ளே போனாள். ஒரு கதியாலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கீழேயிருந்து ஏதோ இழுத்தது.

திரும்பிப் பார்த்தாள். இடைவெளி இல்லை.

நறநற.

"என்ரை காணி," என்றாள். பிடி தளரவில்லை. "உறுதிப் பத்திரம் என்ரை பேரிலை."

குதிக்காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். மண் வெடித்தது. கதியால் ஒரு முழம் மேலே வந்தது. வேர் இல்லை. அடியைப் பிடித்தபடி ஒரு கை வந்தது. மண் நிறம். நகங்களுக்குள் அத்திப்பால்.

அவள் விடவில்லை.

சுற்றிலும் மண் வெடித்தது. ஒவ்வொரு கதியாலின் அடியிலும் ஒரு கை. எல்லாக் கைகளும் ஒன்றாகத் தூக்கின. ஒன்றாக, ஒரு சாண் உள்ளே, நட்டன.