வேர் முறியாமல்

கீழாநெல்லியின் இலைகள் எல்லாம் கூம்பிக் கிடந்தன. அந்தி சாய்ந்தால்தான் அவை அப்படி மடங்கும். இப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ரத்னபாய் அதைக் கவனித்தாள். நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. எட்டு வயது மகள் லிஜாவுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டது. இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாளாகிறது. வைத்தியர் மோகனன்தான் கடைசியாக ஒன்று சொன்னார்: "கீழாநெல்லி வேரோட வேணும் ஆக்கும். வேரு முறியப்பிடாது, கேட்டியா?"

களைக்கொல்லி அடித்து அடித்து, குளத்தூரில் வரப்பெல்லாம் கருகிக் கிடந்தது. விடிந்ததிலிருந்து அலைந்து, ஆரியங்கோட்டுக்கு மேலே, வருடக்கணக்காக யாரும் பால் வெட்டாத இந்த ரப்பர் தோட்டத்துக்குள் வந்தபோதுதான், சருகு மட்கிய வாடையும் பால் பிடிக்க மரங்களில் கட்டிய சிரட்டைகளின் அழுக்குத் தண்ணீரில் கொசுக்கள் இரையும் சத்தமும் நிறைந்த நிழலில், ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு மட்டும் கீழாநெல்லி பச்சைப்பசேலென்று அடர்ந்து நிற்பதைக் கண்டாள்.

குத்தவைத்து உட்கார்ந்து, தூரைச் சுற்றி விரலால் கிளறினாள். மண் சுட்டது, காய்ச்சல்காரியின் நெற்றியைப்போல. கொசுக்களின் இரைச்சல் சட்டென்று நின்றது.

போன் அடித்தது. கணவர் தேவகுமார்.

"ரத்னம், செடி கிட்டிச்சா?"

"கிட்டிச்சு. இன்னா வாறேன்."

"பிள்ள கண்ணு தொறக்கல்ல. மூச்சு இழுக்குது. வேகம் வா."

இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை அணைக்காமல் சருகின்மேல் வைத்தாள். அதில் லிஜாவின் மூச்சு கேட்டது. நீளமாக ஓர் இழுப்பு, ஓர் இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. அந்த இடைவெளியில் இன்னொரு மூச்சும் கேட்டது.

மண்ணுக்குள்ளிருந்து.

ரத்னபாய் செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் வந்தது. ஒரு சாண். ஒரு முழம். இத்தனை வேர் இந்தச் செடிக்குக் கிடையாது. மெல்ல இழுத்தாள். முறியக்கூடாது. முறியக்கூடாது கர்த்தாவே.

நின்றது.

அடியிலிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

மண் பிளந்தது. வேரின் நுனியை ஐந்து விரல்கள் பற்றியிருந்தன. சின்னக் கை. எட்டு வயது இருக்கும். நகங்கள் மஞ்சள். புறங்கையில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்டர்.

போனில் இழுப்பு நின்றது. "ரத்னம்!" என்று தேவகுமார் அலறினார்.

"விடு மக்கா," என்றாள் ரத்னபாய். "எனக்க பிள்ளைக்கு வேணும். விடு."

கை இன்னும் இறுகியது.

அவள் முழங்காலை மண்ணில் ஊன்றினாள். வேரை வலது கையில் சுற்றிக்கொண்டு, இடது கையால் அந்தச் சின்ன விரல்களில் முதலாவதைப் பின்னுக்கு வளைக்கத் தொடங்கினாள்.