இரண்டு தட்டு

காதுமூடியின் உட்புறம் ஈரமாக இருந்தது.

வெர்னன் விரலை விட்டுப் பார்த்தான். வியர்வை இல்லை. குளத்தடிச் சேற்றின் குளிர்ச்சி. முகர்ந்தால் அழுகிய இலை வாடை.

“யாருய்யா இதை மாட்டிக்கிட்டு முங்கிக் குளிச்சது?”

படகோட்டி ராய்ஸ் அதை வாங்கிப் பார்த்தான். வெயிலில் காய்ந்து கருவாடான மனிதன். “காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கா வரல சார். வெயில்லதான் தொங்கிட்டிருந்துச்சு.” நெற்றியைச் சுருக்கினான். சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். “மூணுதான் இருக்கு. இது இல்லாமப் போனா என்ஜின் சத்தத்துல காது போயிடும்.”

வேறு ஆளாக இருந்தால் அப்போதே காருக்குத் திரும்பியிருப்பான். வெர்னனால் முடியாது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான்.

நெடுஞ்சாலையில் முதலில் வந்தது ஒரு பெரிய கொட்டகை. முப்பது பேர் உட்காரும் படகுகள், பொரித்த முதலை வால் விற்கும் கடை, தலையில் பிளாஸ்டிக் முதலையை மாட்டிக்கொண்டு அலறும் குடும்பங்கள். மனைவி டார்லாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. “நிறைய பேர் இருக்காங்க வெர்னன். இங்கேயே போயிடலாமே.” ஆட்டு மந்தைக்கும் அந்த எண்ணம்தான் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை நிறுத்தவே இல்லை. இரண்டாவது இடத்தில் ஒருவன் சாலையோரம் நின்று முதலை மாதிரி உறுமிக் காட்டி ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். வெர்னன் கார்க் கண்ணாடியை ஏற்றினான். மூன்றாவதில் கையால் எழுதிய பலகை, தகரக் கூரை, ஒரே ஒரு சின்னப் படகு. வேறு மனிதர்களே இல்லை. அவனுக்கு அது போதும்.

ஒஹாயோவில் இருபத்தெட்டு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவன். தீப்பிடித்த வீடு, மூழ்கிய கார், உடைந்த முதுகு என்று வருபவர்களை நம்பாமல் இருப்பதற்கே அவனுக்குச் சம்பளம். கத்தினால் நடிப்பு. அழுதால் பேரம். அந்தக் கண்ணையே வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான்.

அதனால்தான் முந்தின நாள் ஹோட்டல் அறையில் டார்லா சொன்னபோது சிரித்தான். அவள் கத்தவில்லை. துணியை மடித்தபடியே சொன்னாள். “நான் கூப்பிட்டா நீ திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் முதுகோடதான் பேசிட்டிருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவை அப்படிப் பண்ணு, இங்கேர்ந்தே அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். வரவே மாட்டேன்.” வெற்று மிரட்டல் என்றான். சொன்னவனுக்கு விடியும்வரை தூக்கம் வரவில்லை. அவள் இல்லாத சமையலறையில் குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.

“சார் முன்னாடி உக்காருங்க,” என்றான் ராய்ஸ். “படகு மூக்கு தண்ணியில இறங்கணும்.”

“நான் என்ன மூட்டையா?”

“மூட்டைன்னா கட்டி வெச்சிருப்பேன் சார்.”

டார்லா சிரித்துவிட்டாள். வெர்னன் சிரிக்கவில்லை.

முன்னால் தாழ்வாக அவன் இருக்கை. பின்னால் சற்று உயரத்தில் அவளுடையது. அதற்கும் மேலே, ஏணிபோல் ஏறிப் போகும் கம்பிகளின் உச்சியில் ராய்ஸ். அவனுக்குப் பின்னால் கூண்டுக்குள், படகைத் தள்ளும் ஆள் உயரக் காற்றாடி.

“பிரேக் கிடையாது. பின்னாடி போகாது. என் காலை மிதியிலேர்ந்து எடுத்தா என்ஜின் அடங்கிடும், அவ்வளவுதான்,” என்றான் ராய்ஸ். “சத்தத்துல ஒண்ணும் கேக்காது. மேடம், நீங்க என் காலுக்கு அடியில வர்றீங்க, என் கண்ணுக்குத் தெரிய மாட்டீங்க. அதனால முன்னாடி இருக்கிறவர் தோளைத் தட்டுங்க. ஒரு தட்டுன்னா, அங்க பாருன்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா, நிறுத்தணும். சார் கையைத் தூக்குவார், நான் நிறுத்திடுவேன்.”

“தூக்குவாரா?” என்றாள் டார்லா.

வெர்னன் காதுமூடியை மாட்டிக்கொண்டான். ஈரம் காதில் ஒட்டியது.

சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. படகின் நிழல் அவனுக்கு முன்னால் தண்ணீரில் நீண்டு ஓடியது. காற்றாடிக் கூண்டின் வட்டம், அதன் நடுவே ராய்ஸின் தொப்பி, கீழே டார்லாவின் தலை, அதற்கும் கீழே அவனுடையது. அல்லி இலைகள் படகுக்கு அடியில் சரசரவென்று மடங்குவது பாதத்தில் தெரிந்ததே தவிரக் கேட்கவில்லை. எண்ணெய்ப் புகையும் பச்சைத் தண்ணீரின் வாடையும் மாறி மாறி வந்தன. பிறகு கால்வாய் குறுகியது. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் ரம்பப்புல் எழுந்து நின்றது.

தோளில் ஒரு தட்டு.

ஏதாவது கொக்காக இருக்கும். உலகத்தில் கொக்கே பார்க்காதவள் மாதிரி. அவன் திரும்பவில்லை.

இன்னொரு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இரண்டு.

பயந்துவிட்டாள். கூட்டம் வேண்டும், பிளாஸ்டிக் முதலை வேண்டும். கையைத் தூக்கினால் காருக்குத் திரும்பும்வரை, “நான் அப்பவே சொன்னேனே” என்பாள். வெர்னன் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டான்.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. இரண்டு தட்டு. பிறகு நகங்கள் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தன. ஒரு பொத்தான் தெறித்து மடியில் விழுந்தது. பிடி விட்டது.

நாடகம் என்று நினைத்தான்.

படகு ஒருமுறை குலுங்கியது. பிறகு இன்னொருமுறை. மூக்கு தண்ணீரில் இன்னும் ஆழமாக இறங்கியது, பின்பாரம் குறைந்ததைப் போல. புல் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டல் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்கா வீட்டுக்கு எந்த விமானம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். திரும்பலாமா? ஒரு முறை, சும்மா.

அப்போது தோளில் தட்டு விழுந்தது.

இரண்டு. மெதுவாக. ஒரே அளவாக. ஈரம் சட்டையைத் தாண்டித் தோலில் இறங்கியது. தண்ணீர் தெறித்திருக்கும். அழுகிய இலை வாடை.

அவன் நிழலைப் பார்த்தான்.

கூண்டின் வட்டம் இருந்தது. அதன் நடுவே தொப்பி இல்லை. உச்சி இருக்கையில் யாரும் இல்லை. மிதியில் கால் இல்லை. ஆனாலும் படகு ஓடியது.

அவன் தலையின் நிழலுக்கு மேலே இன்னொரு தலை. டார்லாவுக்கு அவ்வளவு நீளக் கழுத்து கிடையாது.

வெர்னன் கையைத் தூக்கினான். நேராக, உயரமாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

என்ஜின் அடங்கியது.

படகு வழுக்கிப் போய்ப் புல்லில் மூக்கைச் செருகி நின்றது. காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். பூச்சிச் சத்தம் இல்லை. தவளை இல்லை. பின்னால் எங்கோ, வந்த வழியில் வெகுதூரத்தில், தண்ணீரை அடித்துக்கொண்டு, மூச்சுத் திணற ஒரு குரல்.

“வெர்னன்!”

டார்லா.

தோளில் இரண்டு தட்டு.

“வெர்னன்! திரும்பாதே! கேக்குதா? திரும்பிப் பாக்காதே!”

கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக அவள் சொன்னபடி கேட்டான். கண்கள் மடியில் கிடந்த பொத்தானை விட்டு நகரவில்லை. “டார்லா,” என்றான்.

“திரும்பாதே! வெர்ன...”

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. அவசரமே இல்லாமல் கழுத்தில் கிடந்த காதுமூடியைத் தூக்கி, குழந்தைக்குக் குல்லா மாட்டுவதுபோல அவன் காதுகளின் மேல் பதமாக வைத்து, அழுத்தின.

ஈரம். அவள் குரல் நின்றுபோனது.

பாதத்துக்கு அடியில் என்ஜின் மெல்ல அதிரத் தொடங்கியது.