மூன்று கால் பிணம்

"வீல்...!"

ஆய்வுக்கூடத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன.

அலறியவள் ஆராய்ச்சிக்காரி. செல்போனை எடுத்தாள். எதிர்முனையில் இன்ஸ்பெக்டர். அவளுடைய அக்காவின் கணவர்.

"அத்தான்! செத்துப் போச்சு! மறுபடியும் செத்துப் போச்சு!"

"மறுபடியுமா? ஒரு ஆளு எத்தனை தடவைம்மா சாவான்?"

"இது வேற! ஒண்ணு போனா இன்னொண்ணு... வரிசையா போயிட்டே இருக்கு அத்தான்!"

இன்ஸ்பெக்டருக்கு மீசை துடித்தது. தொடர் கொலை!

சைரன் ஊளையிட ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"பாடி எங்க?" வாசலிலிருந்தே உறுமினார்.

அவள் மேஜையைக் காட்டினாள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் தகடு.

"மைக்ராஸ்கோப் வழியா பாத்தா அதுல கறுப்பா ஒரு கோடு தெரியும். அதான்."

கான்ஸ்டபிள்கள் தகட்டைப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்கள்.

"ஏம்மா... எறும்பு செத்தாக்கூட இதைவிடப் பெருசா இருக்குமே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விளையாடாதீங்க அத்தான். அது டிரான்சிஸ்டர். கரிமப் பொருள்ல செஞ்ச நானோ இழை. தலைமுடியை ஆயிரமா பிளந்தா ஒரு பிளவு எவ்வளவு இருக்கும்? அவ்வளவு மெல்லிசு!"

"செத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்றே? நாடி பாத்தியா?"

"பாத்தேனே! அதுக்கு மூணு கால். ஒரு கால் வாட்ச்மேன் மாதிரி. அதுக்கு வோல்டேஜ் குடுத்தா கதவு திறக்கும், மத்த ரெண்டு காலுக்கும் நடுவுல கரண்ட் ஓடும். காலையில குதிரை மாதிரி ஓடிச்சு. இப்பப் பாருங்க..."

கம்ப்யூட்டர் திரையில் கரண்டைக் காட்டும் பச்சைக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"இன்னைக்குத் துறைத் தலைவர் வந்து பார்ப்பார். ஓடலைன்னா என் ஆராய்ச்சியைப் பிடுங்கி அதோ... அவர்கிட்டக் குடுத்துடுவார்!"

அவள் கை நீட்டிய மூலையில் கோந்து உட்கார்ந்திருந்தான். சக ஆராய்ச்சியாளன். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர்.

"ஆஹா! மோட்டிவ்!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். "எழுந்திருடா!"

கோந்து பதறி எழுந்தான். அதுவே ஒரு சாதனை!

"சார், நான் இந்த மேஜைப் பக்கமே வர்றதில்ல! அவங்ககிட்டயே கேளுங்க, சாகும்போது பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யாரும்மா இருந்தா?"

"நான்தான்..."

"அதுக்கு முன்னாடி செத்தது?"

"அப்பவும்... நான்தான்."

கான்ஸ்டபிள்கள் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்தார்கள்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. புதுசா ஒண்ணை நான் வைக்கிறேன்," என்றான் கோந்து. "ஒவ்வொருத்தரா கிட்ட வருவோம். யாரு வந்தா திரையில கோடு சாயுதுன்னு பார்த்துடலாம்."

"அடையாள அணிவகுப்பு! நடக்கட்டும்!" இன்ஸ்பெக்டர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். கோடு அசையவில்லை.

கோந்து வந்தான். ஊஹும்.

அவள் வந்தாள்.

சரேல்...! கோடு கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியது!

"ஐயோ! நானா?!"

கோந்து காற்றை முகர்ந்து பார்த்தான். "நெத்தியில என்ன தடவியிருக்கீங்க?"

"தைலம். தலைவலி."

"எப்பலேர்ந்து தலைவலி?"

"இதெல்லாம் சாக ஆரம்பிச்சதுலேர்ந்துதான்!"

"இதெல்லாம் எப்பலேர்ந்து சாகுது?"

"தலைவலி வந்ததுலேர்ந்து..."

"முதல்ல ஏதோ ஒண்ணு தானா கெட்டிருக்கும். உங்களுக்குத் தலைவலி வந்திருக்கும். அப்புறம் செத்ததெல்லாம் தைலத்தோட வேலை! அந்த ஆவி இழைக்குள்ள போய் உக்காந்துக்குது. நெரிசலான பஸ்ஸுல நடு வழியில மூட்டையை வெச்ச மாதிரி. கரண்ட் எப்படி நகரும்?"

அவளுக்கு முகம் சிவந்தது. ஒரு அப்பாவியை ஜெயில் வாசல்வரை தள்ளிவிட்டோமே!

"மன்னிச்சிடுங்க கோந்து... உங்களைப் போய்..."

"அது கிடக்கட்டும். செத்ததையெல்லாம் எங்க போட்டீங்க?"

"டிராயர்ல..."

கோந்து டிராயரை இழுத்தான். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு தகட்டை எடுத்து வைத்தான். "உள்ள போன ஆவி இந்நேரம் பறந்திருக்கும்."

கோடு எழுந்தது!

அடுத்தது. அதுவும் எழுந்தது! முதலில் கெட்ட ஒன்றைத் தவிர அத்தனை பிணங்களும் உயிரோடு!

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "ஆவி போனா உயிர் போகும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இங்க ஆவி போனா உயிர் வருதே!"

அவள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஓடி வந்தபோது துறைத் தலைவர் உள்ளே நுழைந்தார். நடந்ததைக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"மோப்பம் பிடிக்கிற டிரான்சிஸ்டர்! இதைப் போய் செத்துப் போச்சுன்னு சொன்னீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்தே இதைச் செய்யுங்க!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கோந்து சந்தோஷத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"கேஸ் முடிஞ்சுது!" இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜையருகே வந்தார். "எங்கே, அந்த மோப்ப நாயை நானும் பாக்கறேன்..."

விர்ர்ர்...! கோடு கூரையைப் பிளப்பதுபோல் மேலே எகிறியது!

"இதென்ன? தைலத்துக்குக் கீழ விழுது. உங்களுக்கு மேல ஏறுது!" அவள் கிட்டே போய் முகர்ந்தாள். கண்கள் விரிந்தன.

"அத்தான்... சிகரெட்! விட்டுட்டேன்னு அக்காகிட்ட சத்தியம் பண்ணீங்களே!"

இன்ஸ்பெக்டரின் மீசை தொங்கியது.

அவள் செல்போனை எடுத்தாள். "அக்கா..."

"வேணாம்மா!" இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு கொலைகாரியை நான் விட்டுட்டேன்ல... ஒரு புகைகாரனை நீ விடக் கூடாதா?"