பூட்டிய பீரோவில் ஒரு டிக்‌ஷனரி

“டீச்சர், கியூரியஸ்னா என்ன?”

“ஆர்வம்.”

“ஈகர்னா?”

“அதுவும் ஆர்வம்.”

“அப்போ கீன்?”

“அதுவும் ஆர்வம்தான். போய் உக்காரு, தென்றல்.”

“ஒரே ஆர்வத்துக்கு எதுக்கு டீச்சர் மூணு வார்த்தை?”

சகாயமேரி டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “எந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பெரிய டிக்‌ஷனரியில போட்டிருக்கும். ஹெச்.எம். ரூம் பீரோவுல இருக்கு. அவரையே கேளு.”

இது 1991 ஜூன் மாதத்துப் பேச்சு. ஏழாம் வகுப்புத் தென்றல் அதை மறக்கவே இல்லை. “பீரோவைத் திறந்து வைங்க சார்” என்று கேட்கப் பலமுறை தலைமை ஆசிரியர் அறை வரைக்கும் போனாள். ஜீவானந்தம் சார் நிமிர்ந்து, “என்ன?” என்பார். “ஒண்ணுமில்ல சார்” என்பாள். திரும்பி வந்துவிடுவாள்.

பென்னலூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று பல வருடங்களுக்கு முன்பு பள்ளிக்குக் கொடுத்த டிக்‌ஷனரி அது. அழுக்காகிவிடும் என்று சார் அதைப் பூட்டியே வைத்திருந்தார். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வரும். ஆனால் அன்றைக்கு யாரும் படிக்கக் கூடாது! பொட்டு வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடும்.

அந்த வருடமும் அப்படித்தான் பூஜை நடந்தது. மறுநாள் விஜயதசமி. காலையில் அப்பா எல்லப்பன் கம்பெனிக்குக் கிளம்பக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு லீவு இல்லியாப்பா?”

“லீவுதான். ஆனா மிஷினுக்கு நேத்து பூஜை போட்டுக்கீதுல்ல? இன்னிக்கு ஒரு சுத்தாவது ஓட்டணும். சும்மா வுட்டா பூஜை போட்டு இன்னா பிரயோஜனம்?”

தென்றல் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பள்ளிக்கு ஓடினாள்.

அங்கே ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. சகாயமேரி டீச்சர் ஒரு குட்டிப் பையனின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைத்தார். அவன் அழுதுகொண்டே அரிசியைத் தின்றான். ஜீவானந்தம் சார் ஒரு கையில் டிக்‌ஷனரியும் மறு கையில் சாவியுமாகப் பீரோ பக்கம் நடந்தார்.

“சார், அதைப் படிக்கலையா?”

“எதுக்கு?”

“பூஜையில வச்ச புத்தகத்தை இன்னைக்கு ஒரு வரியாவது படிக்கணும்ல சார்? எங்கப்பா கம்பெனியில மிஷினையே ஓட்டுறாங்க.”

சார் புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் பல வருடக் குங்குமம் இருந்தது. உள்ளே ஒரு கைரேகைகூட இல்லை. டீச்சர் சிரிப்பை மறைக்கக் குனிந்து அரிசியைச் சரிசெய்தார்.

“சரி, ஒரே ஒரு வரி. எந்த வார்த்தை?”

“கியூரியஸ் சார்.”

சார் தேடிப் படித்தார். “லத்தீன்ல ‘கூரா’ன்னு ஒரு சொல். அக்கறைன்னு அர்த்தம். அக்கறையா கவனிக்கிறவங்களைத்தான் முதல்ல இப்படிச் சொல்லியிருக்காங்க.”

“ஈகர் சார்?”

“ஒரு வரின்னு சொன்னேன்.” ஆனாலும் பக்கத்தைப் புரட்டினார். “அட, புளிப்பாம்! புளிப்பு, கூர்மை. வினிகர்ங்கிற பேருக்குள்ளயும் இதுதான் இருக்காம்.”

“புளியங்காயைப் பாத்தா நாக்கு ஊறுமே, அந்த மாதிரியா சார்?”

“புளியங்கா பத்தி இதுல ஒண்ணும் போடலம்மா.”

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“மூணாவது வார்த்தை என்ன?” என்று சாரே கேட்டார்.

“கீன் சார்.”

“கீன்... கீன்... இதோ. பழைய இங்கிலீஷ்ல துணிச்சல்காரன்னு அர்த்தமாம். இத்தனை வருஷம் பாடம் நடத்துறேன், எனக்கே தெரியாது!”

அதன்பிறகு யாரும் கேட்காமலே இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினார். வாசலில் அடுத்த குழந்தை அழுகிற சத்தம் கேட்டதும் புத்தகத்தைப் பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினார். சாவியைத் துவாரத்தில் நுழைத்தார்.

தென்றல் பீரோ பக்கத்தில் போய் நின்றாள்.

“சார், பூட்டாதீங்க. தினமும் சாப்பாட்டு பெல் அடிச்சதும் வந்து, நாங்க எல்லாரும் இதைப் படிக்கிறோம் சார்.”